சதுரங்கமும் உடல் வன்மையும்

உடற்பயிற்சி யாருக்கு வேண்டும் என்று வினவின், பந்தாடுவோனுக்கும் ஓடுவோனுக்கும் மல்லனுக்கும் வேண்டும் என்று எளிதில் விடை கூறிவிடுகின்றோம். நூல் பயில்வோனுக்கும் வேண்டும் என்று ஆசிரியர் கூறுங்கால் தலையசைத்துக் கேட்கின்றோம், உள்ளத்தால் ஒப்புவதில்லை. ஓவியந் தீட்டுவோன், வீணை மீட்டுவோன், கவி புனைவோன், அஞ்சல் தலை சேர்ப்போன் ஆகிய இவர்க்கும் உடல் வன்மைக்கும் என்ன தொடர்பு என்பதே நம்முள் பலருடைய எண்ணம். இவ்வெண்ணத்தை ஆராய்தற்குச் சதுரங்கத்தினும் தக்கதொரு துறை இல்லை என்பேன். ஓரிடத்தில் அமர்ந்து, ஒரு கைப்பிடி எடையுமில்லாத மரக்காய்களைக் கட்டம் விட்டுக் கட்டம் நகர்த்துதற்கு எத்துணை வலிமை வேண்டும்? சிறு குழந்தையும் அதனைச் செய்யும். அத்தகைய ஆட்டத்திலும் உடலுக்கு ஓர் இடம் உண்டென்று காட்டக் கூடுமாயின், ஏனைய துறைகளைப் பற்றித் தனித்தனியே வாதிட வேண்டுவதில்லை.

மாணவர் விடுதிகளில் மாலை வேளையில் மைதானத்திற்குச் செல்லாதோர்க்கு நல்ல புகலிடமாய் விளங்குவது சதுரங்கப் பலகையே. பந்தாடுவோர் ஓர் இனம், காய் நகர்த்துவோர் மற்றோர் இனம் என்று வகுத்துக்கொண்டு, இவ்விரண்டினமும் ஒன்றையொன்று சற்றே இகழ்ந்து வாழ்வது வழக்கம். யான் இரண்டாம் இனத்தைச் சார்ந்தவன். ஓட்டப் பந்தயங்களில் எப்பொழுதும் இறுதியில் வருவோர் வரிசையில் நிற்பவன். ஆதலின் இக்கட்டுரையை மைதானத்தாரின் தூதுரை என்று எவரும் கொள்ளற்க.

தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் சொல்லாராய்ச்சி செய்யாமல் ஒரு பக்கமும் எழுதுதல் அரிது. எனவே ஒரு வரி அதற்கும் தருக. சதுரங்கம் என்பது நான்கு உறுப்புடைய படை. யானை, தேர், பரி, காலாள் என்பன அந்நான்கு. இந்திய நாட்டில் ஏறக்குறைய கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் தோன்றி, பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவை அடைந்த இவ்விளையாட்டு, தன் பெயரிலேயே அங்கம் என்னுஞ் சொல்லைத் தாங்கி நிற்கின்றது. அங்கமாவது உடலின் உறுப்புமாம். இஃது ஒரு வேடிக்கையே, வாதம் அன்று. வாதத்திற்கு வருவோம்.

1984-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் மாஸ்கோ நகரில் உலகப் பட்டத்திற்குரிய போட்டியொன்று தொடங்கிற்று. பட்டத்தைத் தாங்கியிருந்தவர் அனத்தோலி கார்ப்போவ், வயது 33. எதிர்த்து வந்தவர் காரி காஸ்பரோவ், வயது 21. ஆட்டங்களின் தொகைக்கு வரம்பு விதிக்கப்படவில்லை. எவர் முதலில் ஆறு ஆட்டங்களை வெல்கின்றாரோ அவரே வென்றவர். சமநிலையில் முடியும் ஆட்டங்கள் கணக்கில் சேரா. விதி வகுத்தோர் இதன் விளைவை எண்ணிப் பார்த்திலர் போலும்.

முதல் ஒன்பது ஆட்டங்களுள் கார்ப்போவ் நான்கை வென்றார். காஸ்பரோவ் ஒன்றேனும் வென்றிலர். போட்டி விரைவில் முடிந்துவிடும் என்றே உலகம் எண்ணிற்று. அதன்பின் நிகழ்ந்ததோ வேறு. 10-ஆம் ஆட்டம் முதல் 26-ஆம் ஆட்டம் வரை பதினேழு ஆட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சமநிலையில் முடிந்தன. இளைஞர் ஓர் அரணைக் கட்டிக்கொண்டு அதனுள் அமர்ந்துவிட்டார். 27-ஆம் ஆட்டத்தைக் கார்ப்போவ் வென்றார். ஐந்துக்குச் சுன்னம்! இன்னும் ஒன்றே வேண்டும். அவ்வொன்று இறுதி வரை வரவேயில்லை. இலையுதிர் காலம் கழிந்தது, மாஸ்கோவின் கடுங்குளிர் வந்தது, புத்தாண்டும் பிறந்தது. 32-ஆம் ஆட்டத்தைக் காஸ்பரோவ் வென்றார். மீண்டும் பதினான்கு சமநிலைகள். பிறகு 47-ஆம் ஆட்டத்தையும் 48-ஆம் ஆட்டத்தையும் அடுத்தடுத்து அவரே வென்றார்.

1985-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவர் புளோரன்சியோ காம்போமானெஸ் போட்டியை முடிவின்றி நிறுத்தினார். ஆடுவோரின் களைப்பையே அவர் காரணமாகக் காட்டினார். ஐந்து திங்கள், நாற்பத்தெட்டு ஆட்டங்கள், நாற்பது சமநிலைகள். இயல்பாகவே மெல்லிய உடலினரான கார்ப்போவ் அக்காலத்துள் ஏறக்குறைய 10 கிலோ எடை இழந்தார் என்று பரவலாகச் சொல்லப்பட்டது. நிறுத்தியது முறையா என்னும் வழக்கு இன்னும் ஓயவில்லை. இருவருமே தொடர்ந்து ஆட விரும்புவதாகக் கூறினர். அவ்வழக்கில் யான் புகேன். எனக்கு வேண்டுவது ஒன்றே. கார்ப்போவின் சதுரங்க அறிவு நவம்பர் திங்களுக்கும் பிப்ரவரி திங்களுக்கும் இடையில் தேய்ந்துவிட்டதா? எவரும் அவ்வாறு கூறார். அவர் கற்ற தொடக்க முறைகளும் இறுதி முறைகளும் அவரிடமே இருந்தன. அவற்றைத் தாங்கிய கலம் தளர்ந்தது. காஸ்பரோவோ நீந்துதலிலும் பந்தாடுதலிலும் பழகிய உடலினர், அகவையாலும் இளையவர். ஒன்றும் இழவாத நிலையில் காத்திருத்தற்கு அவருக்கு வலிமை இருந்தது. புதிய போட்டி 24 ஆட்டங்கள் என்னும் வரம்போடு அதே ஆண்டு நடந்தது. நவம்பர் 9-ஆம் நாள் 13-11 என்னும் புள்ளியில் காஸ்பரோவ் வென்று, 22-ஆம் வயதில் பட்டம் பெற்றார்.

அமர்ந்திருக்கும் மனிதன் களைப்பது எங்ஙனம்? இதற்கு ஒரு விடை பத்திரிகைகளில் உலாவுகின்றது. பெரும் போட்டியில் ஆடுவோன் ஒரு நாளில் 6000 கலோரி எரிக்கின்றானாம்! யான் இதனை நம்புகிலேன். வளர்ந்த ஆடவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு வேண்டுவது 2000 முதல் 2500 கலோரி வரையே. மூளை உடலின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்காயினும், ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்திலொரு பங்கை அது கொள்கின்றது என்பது உண்மை. ஆனால் கடினமான கணக்கைச் செய்யும் மூளை, சும்மா இருக்கும் மூளையினும் மிகச் சிறிதளவே மிகுதியாகச் செலவிடும் என்று உடலியலார் கூறுவர். ஆகவே களைப்பின் வேர் வேறிடத்தில் உளது.

அவ்வேர் பதற்றமே என்க. தோற்றுவிடுவோமோ என்னும் அச்சம் எழுந்தவுடன் உடல் தன்னைப் போருக்கு ஆயத்தம் செய்கின்றது. சில சுரப்பிகள் நீரைச் சொரிகின்றன, நெஞ்சு விரைந்து துடிக்கின்றது, மூச்சு மேலெழுகின்றது, கழுத்தும் தோளும் இறுகுகின்றன. புலியைக் கண்டோடுவோனுக்கு இவையெல்லாம் பயன்படும். நாற்காலியில் அமர்ந்திருப்போனுக்கோ ஓட இடமில்லை. ஐந்து மணி நேரம் இந்நிலையிலேயே அவன் இருத்தல் வேண்டும். ஆட்டம் முடிந்த பின்னரும் உடல் தணிய மறுக்கின்றது, உணவு செல்லுவதில்லை, உறக்கம் வருவதில்லை, மறுநாள் மீண்டும் பலகை. நாள்தோறும் ஓடியோ நீந்தியோ பழகியவனுடைய நெஞ்சு ஓய்விலே மெல்லத் துடிப்பது. விரைந்த பின்னும் விரைவில் தன் நிலைக்குத் திரும்புவது. அவன் உறக்கமும் ஆழ்ந்தது. பயிற்சி அவனுக்குப் புதிய அறிவு எதனையும் தருவதில்லை. முதல் மணியில் தான் அறிந்திருந்ததை ஐந்தாம் மணியிலும் அறிந்திருக்கச் செய்கின்றது. சதுரங்கத்தில் அதுவே பெரும்பாலும் வெற்றி தோல்வியை முடிவு செய்வது. ஏனெனில் நாற்பது நல்ல நகர்த்தல்களை ஒரு தீய நகர்த்தல் அழித்துவிடும்.

இதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. முற்காலத்தில் ஆட்டம் ஐந்து மணி நேரத்தில் முடியாதாயின் அன்றைக்கு நிறுத்தி, மறுநாள் தொடர்வது மரபு. கணிப்பொறிகள் மனிதரை விஞ்சிய பின்னர் இம்மரபு கைவிடப்பட்டது. இரவில் கணிப்பொறியைக் கேட்டு வந்து காலையில் ஆடுதல் ஆட்டமாகாதன்றோ? எனவே இக்காலத்து வீரன் எத்துணை நேரமாயினும் ஒரே இருக்கையில் முடித்தாக வேண்டும். 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் துபாய் நகரில் மாக்னஸ் கார்ல்சனும் இயான் நெப்போம்னியாச்சியும் ஆறாம் ஆட்டத்திற்கு அமர்ந்தனர். முன்னைய ஐந்தும் சமநிலை. இவ்வாறாம் ஆட்டம் 136 நகர்த்தல்கள் நீண்டது. 7 மணி 45 நிமிடம் நிகழ்ந்தது. நள்ளிரவைக் கடந்து முடிந்தது. உலகப் பட்டப் போட்டிகளின் வரலாற்றில் இதனினும் நீண்ட ஆட்டம் இல்லை. கார்ல்சன் வென்றார். எண்ணெய் வற்றிய விளக்கைப் போல நெப்போம்னியாச்சியின் ஆட்டம் அதன்பின் மங்கிற்று. 8, 9, 11 ஆகிய ஆட்டங்களையும் அவர் இழந்தார். அவற்றுள் 9-ஆம் ஆட்டத்தில் தம் மந்திரி தாமே வெளிவர முடியாது சிக்கிக்கொள்ளும்படி ஒரு சிப்பாயை முன்னே தள்ளினார். நம் விடுதியில் ஆடுவோரும் காணக்கூடிய பிழை அது. உலகின் தலைசிறந்த வீரருள் ஒருவர் அதனைக் காணாதொழிந்தது அறியாமையாலா? கார்ல்சனோ பந்தாட்டத்திலும் பனிச்சறுக்கிலும் பெருவிருப்புடையவர். உடற்பயிற்சியைத் தம் தொழிலின் ஒரு கூறாகவே கொண்டவர்.

அவரை நம் நாட்டாரும் நேரில் கண்டனர். 2013-ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் சென்னையில் நம் விசுவநாதன் ஆனந்தோடு அவர் ஆடினார். கார்ல்சனுக்கு அகவை 23 நிரம்பவில்லை. ஆனந்துக்கு 44 நிரம்பவில்லை. முதல் நான்கு ஆட்டங்கள் சமநிலை. பட்டம் கைமாறியது 5, 6-ஆம் ஆட்டங்களில். ஒன்று 58 நகர்த்தல்கள், மற்றொன்று 67. இரண்டும் அடுத்தடுத்த நாட்களில் ஆடப்பட்டன. இரண்டிலும் பெரும்பாலான காய்கள் பலகையை விட்டுப் போய், கோட்டைகளும் சில சிப்பாய்களுமே எஞ்சிய நிலை. வேறெவரும் கை குலுக்கிச் சமநிலை என்று எழுந்து போயிருக்கக் கூடிய நிலையில் கார்ல்சன் எழவில்லை; மணிக்கணக்காய் அமர்ந்து சிறு சிறு வினாக்களை எழுப்பிக்கொண்டேயிருந்தார். 6½-3½ என்று போட்டி முடிந்தது. தமிழர் மனம் நொந்த நாள் அது. ஆயினும் ஆனந்த் அதனோடு ஓய்ந்திலர். அடுத்த ஆண்டே தகுதிப் போட்டியில் முதல்வராய் வந்து மீண்டும் கார்ல்சனை எதிர்த்தார். அகவையை உடற்பயிற்சி முற்றும் வெல்லாது. சில ஆண்டுகள் வாயிலில் நிறுத்தி வைக்கும்.

இதுகாறும் உடலைப் பற்றிச் சொன்னேன். ஒழுங்கைப் பற்றிச் சொல்லுங்கால் மிகயில் போத்வின்னிக்கை விடுதல் இயலாது. 1948-ஆம் ஆண்டு உலகப் பட்டம் பெற்ற இவர் சதுரங்கத்தால் மட்டும் வாழ்ந்தவர் அல்லர். மின்பொறித் துறையில் தேர்ந்த பொறியாளர். பட்டம் பெற்ற பின் மூன்றாண்டுகள் பெரும் போட்டிகளில் ஆடாமலே இருந்து, தம் துறையில் டாக்டர் பட்டத்திற்குரிய ஆராய்ச்சியை முடித்தார். பொழுதுபோக்கும் தொழிலும் ஒன்றையொன்று விழுங்காதபடி வேலியிட அறிந்தவர் என்று இதனால் விளங்கும். போட்டிக்கு முன் நாட்டுப்புறத்தில் நல்ல காற்றில் சில நாட்கள் தங்கவேண்டும் என்பதும், போட்டி தொடங்குதற்குச் சில நாட்களுக்கு முன்பே சதுரங்கப் படிப்பை முற்றும் நிறுத்திவிடவேண்டும் என்பதும் அவர் வகுத்த முறை. தேர்வுக்கு முன்னிரவு விடியுமளவும் விளக்கெரிக்கும் நமக்கு இது விந்தையாகவே தோன்றும். புகையிலைப் புகை அவருக்கு ஒவ்வாது. அக்காலத்து ஆட்டக்கூடங்களிலோ புகை நிறைந்திருக்கும். என் செய்தார்? தம் நண்பர் ரகோஸினை எதிரே அமர்த்திப் பயிற்சி ஆட்டம் ஆடுங்கால், அவரைப் புகைபிடித்துத் தம் முகத்தின்மேல் ஊதச் செய்தார். இதனைப் படித்த அன்று யான் நெடுநேரம் நகைத்தேன். புகை நுரையீரலுக்குக் கேடென்பது ஒருபுறம் கிடக்க, தன் குறையைக் கண்டு, அதற்கென்று ஒரு பயிற்சியை அமைத்து, அதனை வழுவாது செய்தல் எல்லார்க்கும் கைவருவதன்று.

1960-இல் 23 வயதினரான மிகயில் தால் அவரிடமிருந்து பட்டத்தைப் பறித்தார். போத்வின்னிக் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். இனி அவர் காலம் முடிந்தது என்றனர். அடுத்த ஆண்டே 13-8 என்னும் புள்ளியில் பட்டத்தை மீட்டார்.

இதனை ஒழுங்கின் வெற்றி என்று பாடி முடித்தல் எளிது. ஆயின் தாலுக்கு அது நீதியன்று. தால் இளமை முதல் நோயாளர்; சிறுநீரக நோய் அவரை விடாது வருத்திற்று; 1961-இல் ஆடியபோதும் அவர் உடல்நலம் நன்றாயில்லை. 1969-இல் அவருடைய சிறுநீரகங்களுள் ஒன்று அகற்றப்பட்டது. அவரோ புகையையும் மதுவையும் விட்டாரல்லர். ஒழுங்கு என்பதன் எதிர்ச்சொல்லாகவே அவர் வாழ்ந்தார் எனலாம். அத்தகையவர்தாம் 1973, 1974-ஆம் ஆண்டுகளில் 95 ஆட்டங்கள் ஒன்றிலும் தோலாமல் ஆடினார்! போத்வின்னிக்கின் ஆட்டங்களைக் கற்போர் பலர். தாலின் ஆட்டங்களைக் காதலிப்போர் அதனினும் பலர். எனவே மேதைமை உடல் வன்மையினின்று பிறப்பது என்று எவரேனும் கூறின் தாலின் பெயரைச் சொல்லி அவர் வாயை அடைக்கலாம். நலிந்த உடலோடு பிறந்த மாணவன் எவனும் இக்கட்டுரையைக் கண்டு தளர வேண்டுவதில்லை. ஆனால் தால் பட்டத்தைத் தாங்கியது ஓராண்டே என்பதையும், 1992-இல் 55-ஆம் வயதிலேயே உலகை நீத்தார் என்பதையும், போத்வின்னிக் 83 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதையும் மறைத்தல் ஆகாது. இன்னும் எத்துணை அழகிய ஆட்டங்களை அந்நோயுற்ற உடல் நமக்குத் தராமல் வைத்துக்கொண்டதோ?

நமக்கு மிக நெருங்கியவர் ஹாலந்து நாட்டு மாக்ஸ் யூவே என்று எனக்குத் தோன்றுகின்றது. அவர் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணித ஆசிரியர். சதுரங்கம் அவருக்குப் பள்ளி முடிந்த பிற்பகலுக்கும் விடுமுறைக்கும் உரியது. 1935-ஆம் ஆண்டு இவர் உலக வீரர் அலேகினை எதிர்த்தார். நூலாயத்தத்தோடு உடற்பயிற்சியையும் தம் ஆயத்தத்தில் சேர்த்துக்கொண்டார். முப்பது ஆட்டங்கள். தொடக்கத்தில் அலேகினே நன்கு முந்தியிருந்தார். யூவே கலங்காமல் தொடர்ந்து ஆடி, டிசம்பர் 15-ஆம் நாள் 15½-14½ என்று பட்டத்தை வென்றார். அலேகின் குடித்தமையாலன்றோ தோற்றார் என்று இன்றும் கூறுவோர் உளர். குடித்தார் என்பது மெய்யே. ஆனால் வென்றவனுடைய உழைப்பைத் தோற்றவனுடைய கோப்பைக்குள் கரைத்துவிடுதல் அழகன்று. அலேகின் பெருமைக்கும் ஒரு சொல் கூறுவேன்: அவர் குடியை விலக்கி, உடலைத் தேற்றிக்கொண்டு 1937-இல் மீண்டும் வந்தார், 15½-9½ என்று வென்றார். யூவேயும் முறுமுறுக்காமல் பட்டத்தைக் கொடுத்துவிட்டுத் தம் கணக்கு வகுப்பிற்குத் திரும்பினார்.

இக்காலத்தில் இவையெல்லாம் ஒரு கலையாகவே வளர்ந்துவிட்டன. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் சிங்கப்பூரில் டிங் லிரெனை 7½-6½ என்று வென்று, 18-ஆம் வயதில் உலகப் பட்டம் பெற்ற சென்னை இளைஞர் குகேஷ், உளப்பயிற்சிக்கென்றே பேடி அப்டன் என்பாரைத் துணைக்கொண்டார். 2011-இல் உலகக் கோப்பை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியோடும் பணியாற்றியவர் அவர். பதினான்காம் ஆட்டம், அதாவது இறுதி ஆட்டம், சமநிலையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. எதிரியைக் காட்டிலும் ஒரு சிப்பாய் மிகுதி என்னும் சிறு நலமே குகேஷிடம் இருந்தது. அவர் விடாது ஆடினார். 55-ஆம் நகர்த்தலில் டிங் தம் கோட்டையைத் தவறான கட்டத்தில் வைத்தார். அவ்வளவே.

நிற்க. நாம் உலகப் பட்டத்திற்கு ஆடப் போவதில்லை. வாரத்திற்கு 150 நிமிடம் விரைந்து நடத்தலேனும் வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் வளர்ந்தோர்க்குக் கூறும் கீழெல்லை. நாளொன்றுக்கு இருபத்திரண்டு நிமிடத்திற்கு மேற்படாது. ஒரு விரைவான ஆட்டத்திற்குப் போதாத நேரம் அது! மாலை மணியடித்தது முதல் உணவு மணி வரையிலும், பின்னர் விளக்கணைக்கும் வரையிலும் முதுகு வளையப் பலகைமேற் கவிழ்ந்திருக்கும் என் இனத்தாரிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். விடுமுறை கழிந்து கல்லூரி திறக்கும் முதல் திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு மைதானத்தின் மேலைக் கோடியிலுள்ள வேப்பமரத்தடிக்கு வருக. பலகையும் காய்களும் என் கையில் இருக்கும். மைதானத்தை நான்கு முறை சுற்றி வந்த பின்னரே பெட்டியைத் திறப்பேன். வெள்ளைக் காய், முதலில் வந்து சேர்வோர்க்கு.